பழி ஓரிடம், பிழை வேறிடம்

கணினியை ஆளும் நிரல்களுள் தலையாயது இயங்குதளம். அதன் உட்கருவைக் கெர்னல் என்பர். வட்டு, அச்சுப்பொறி, வலையமைப்பு அட்டை முதலிய கருவிகளோடு அவ்வுட்கரு உரையாடுவதற்குத் தனித்தனி நிரல்கள் வேண்டும். அவற்றுக்கு டிரைவர், அதாவது சாதன இயக்கி, என்பது பெயர். பிற நிரலில் பிழை நேர்ந்தால் அந்நிரல் மட்டுமே நிற்கும். உட்கருவுக்குள் ஓடும் இயக்கியில் பிழை நேர்ந்தாலோ கணினி முழுவதும் நிலைகுலையும். சில வேளை கருவியே பாழாகும்.

ஆகையால், 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் உட்கருவில், திருத்தங்கள் பிறரால் ஆராயப்பட்ட பின்னரே ஏற்கப்படுதல் மரபாயிற்று. திருத்துவோர், நீக்கிய வரிக்குக் கழித்தற்குறியும் சேர்த்த வரிக்குக் கூட்டற்குறியும் இட்டு, காரணமும் எழுதி, யாவரும் காண அனுப்புவர். அப்பகுதிக்குப் பொறுப்பானவர் மாணவரின் கட்டுரை ஏட்டைத் திருத்தும் ஆசிரியரைப் போல் வரிவரியாகப் படித்து வினாத் தொடுப்பார். எழுதியவரும், அதை ஏற்று மேலே அனுப்பியவரும் தத்தம் பெயரை ஒப்பமாக இடும் வழக்கம் 2004இல் ஏற்பட்டது.

இம்முறையின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டிய நிகழ்ச்சி 2008இல் நடந்தது. லினக்ஸ் 2.6.27 பதிப்பின் முன்னோட்ட வெளியீடுகளைச் சோதித்தோர் சிலரின் இன்டெல் வலையமைப்பு அட்டைகள் செயலற்றுப் போயின. கணினியை அணைத்து மீண்டும் இயக்கியும் பயனில்லை. அட்டையின் நிலையான நினைவகத்தில் பொறித்திருந்த முகவரியும் அமைப்புக் குறிப்புகளும் சிதைந்துவிட்டன. அக்குறிப்புகளை முன்னரே படியெடுத்து வைக்குமாறு சோதனையாளர்க்கு அறிவுறுத்தப்பட்டது.

பழி, அவ்வட்டையை இயக்கும் ‘ஈ1000ஈ’ என்னும் இயக்கியின்மீது விழுந்தது. அதை எழுதியோர் தம் நிரலை மீண்டும் துருவி ஆராய்ந்தனர்; நிலைநினைவகத்தில் எவரும் எழுதாதபடி பூட்டும் ஒரு திருத்தத்தையும் சேர்த்தனர். ஆயினும் சிதைத்த கை எது என்பது அப்போதும் புலப்படவில்லை.

அக்டோபரில் உண்மை வெளிப்பட்டது. குற்றவாளி அவ்வியக்கி அன்று. அதே பதிப்பில் புதிதாகச் சேர்ந்த ‘எஃப்டிரேஸ்’ என்னும் தடம்பார்க்கும் கருவி. அது உட்கரு நிரலின் சில இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு பின்னர் மாற்றி எழுதும். ஆனால் தொடக்கத்தில் மட்டும் பயன்பட்ட நிரல் நீக்கப்பட்டதும், அந்த முகவரி வலையமைப்பு அட்டையின் நிலைநினைவகத்துக்கு ஒதுக்கப்பட நேர்ந்தது. குடியிருந்தவர் வீடு மாறிய பின்னும் பழைய முகவரிக்கே கடிதம் போடுவார் போல, எஃப்டிரேஸ் அங்கே எழுதச் சென்றது.

பாதுகாப்பைக் கருதி அது கையாண்ட கட்டளையே தீங்காயிற்று என்பது வியப்பு. ‘முன்பிருந்தது அப்படியே இருந்தால் மட்டும் மாற்றுக’ என்பது அக்கட்டளையின் பொருள். ஆயினும், பொருந்தாதபோதும் கண்ட மதிப்பையே திரும்ப எழுதுவது அதன் இயல்பு. சாதாரண நினைவகத்தில் அதனால் கேடில்லை. அட்டையின் நினைவகத்திலோ அதுவே அழிவாயிற்று. 2.6.27 அக்டோபர் 9இல் வெளிவந்தது. சில நாளில் வந்த 2.6.27.1 பதிப்பு எஃப்டிரேஸின் அப்பகுதியை நிறுத்திவைத்தது.

எஃப்டிரேஸும் பலர் பார்வைக்கு வந்து ஏற்கப்பட்டதே. அதன் வரிகளைத் தனியே படித்தவர்க்கு வலையமைப்பு அட்டை நினைவுக்கு வர வழியில்லை. ‘இவ்வரி சரியா?’ என்று கேட்பது ஆய்வின் முதற்படி. ‘இவ்வரியின் கை எதுவரை நீளும்?’ என்று கேட்பது அடுத்த படி. அன்று இயக்கியின்மீது பழி போட்டதோடு எல்லாரும் நிறைவடைந்திருந்தால், எஃப்டிரேஸ் ஓடிய கணினிகளில் வேறொரு கருவி பாழாகியிருக்கலாம். தீர விசாரிப்பதே மெய் என்னும் முதுமொழி மனிதர் வழக்குக்கு மட்டுமன்று, பொறியின் வழக்குக்கும் பொருந்தும்.