கடைசி எலும்பு எத்தனாவது எலும்பு?

முதுகெலும்பில் மொத்தம் 33 எலும்புகள் என்று பள்ளியில் படித்திருப்போம். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே ஒன்றாக ஒட்டிப்போன திருவெலும்பில் 5, வால் பகுதியில் 4. கூட்டிப் பார்த்தால் கணக்கு சரிதான். ஆனா உடம்பு பாடப்புத்தகம் படிச்சு வளர்றதில்லையே!

சிலருக்கு இடுப்பின் ஐந்தாவது எலும்பு (எல்5) திருவெலும்போடு ஒரு பக்கமோ இரண்டு பக்கமுமோ ஒட்டியிருக்கும். வேறு சிலருக்குத் திருவெலும்பின் முதல் துண்டு (எஸ்1) பிரிந்து, ஆறாவது இடுப்பெலும்பு போல நிற்கும். இரண்டுக்கும் நடுவில் பல படிகள் உண்டு. எந்தப் படியிலிருந்து கணக்கில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, இது 4 முதல் 30 சதவீதம் பேருக்கு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. எப்படிப் பார்த்தாலும் அபூர்வம் இல்லை.

இந்தக் குழப்பம் பழையது. இரண்டாம் நூற்றாண்டில் கேலன், திருவெலும்பு மூன்று துண்டுகளால் ஆனது என்று எழுதினார். அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் குரங்குகள். 1543-ல் வெசாலியஸ் மனித உடல்களைப் பார்த்து அதைத் திருத்தினார். அவர் சொன்னது ஐந்து அல்லது ஆறு. கவனியுங்கள், 'ஐந்து' என்று முடிக்கவில்லை, 'அல்லது ஆறு' என்றும் சேர்த்தார்.

1895-ல் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகு, உயிரோடு இருப்பவரின் எலும்பையே எண்ண முடிந்தது. 1917-ல் இத்தாலிய மருத்துவர் மரியோ பெர்த்தோலோத்தி, இப்படி ஒட்டிய எலும்புக்கும் இடுப்பு வலிக்கும் தொடர்பு உண்டு என்றார். இன்றும் அந்த வலிக்கு அவர் பெயர்தான். ஆனால் இப்படி எலும்பு அமைந்த பலர் எந்த வலியும் இல்லாமல் வாழ்கிறார்கள் என்பதால் அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

எண்ணிக்கை உண்மையிலேயே ஆபத்தான விஷயமானது 1934-க்குப் பிறகு. பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள், காலுக்கு இறங்கும் வலிக்குப் பிதுங்கிய டிஸ்க் காரணமாக இருக்கலாம், அதை அறுவை செய்து எடுக்கலாம் என்று காட்டினார்கள். அப்புறம் "இடுப்பில் எங்கேயோ கோளாறு" என்று சொன்னால் போதாது. எந்த டிஸ்க் என்று எண் சொல்லியாக வேண்டும்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு 'ஆஃப் பை ஒன்' என்றால் உடனே புரியும். எண்ண ஆரம்பிக்கும் இடம் மாறினால் விடை ஒன்று தள்ளிப்போகும். இங்கேயும் அதேதான். ஒருவருக்கு எல்5 முழுவதுமாகத் திருவெலும்போடு ஒட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் பார்ப்பவர் கழுத்திலிருந்து எண்ணி வந்து, "நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கியிருக்கிறது" என்று சரியாகவே எழுதுகிறார். அறுவை அரங்கில் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் தெரிவது இடுப்புப் பகுதி மட்டும். அங்கே கீழிருந்து மேலே எண்ணுகிறார்கள். அசையும் கடைசி டிஸ்க்கை எல்5-எஸ்1 என்று எடுத்துக்கொண்டால், அடுத்தது எல்4-எல்5 ஆகிவிடும். உண்மையில் அது எல்3-எல்4. இரண்டு பேருமே கவனமாகத்தான் எண்ணினார்கள், ஆனால் கத்தி போவது நல்ல டிஸ்க்குக்கு.

சரி, மேலிருந்தே எண்ணினால் தீர்ந்ததா? அதுவும் முழுசா இல்லை. கடைசி விலா சிலருக்கு மிகச் சிறியது, சிலருக்குக் கூடுதலாக ஒரு ஜோடி. இடுப்பு எங்கே தொடங்குகிறது என்பதே அப்போது கேள்வியாகிவிடும்.

1984-ல் காஸ்டெல்வி இந்த எலும்புகளை நான்கு வகையாகப் பிரித்தார். முதல் வகையில் எலும்பின் பக்க நீட்சி மட்டும் அகன்றிருக்கும், இரண்டாவதில் திருவெலும்போடு ஒரு போலி மூட்டு, மூன்றாவதில் முழு ஒட்டு, நான்காவதில் ஒரு பக்கம் மூட்டு, மறுபக்கம் ஒட்டு. இதனால் ஒருவர் எழுதுவது இன்னொருவருக்கு விளங்க வழி பிறந்தது. 2001-ல் வட அமெரிக்க முதுகெலும்பு சங்கம், 'கையெழுத்திடு, குறியிடு, எக்ஸ்ரே எடு' என்ற பொருளில் ஒரு திட்டமே கொண்டுவந்தது.

எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த எலும்புக்கு எல்5 என்று பெயர் வைத்தாலும் எஸ்1 என்று வைத்தாலும் நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. ஸ்கேன் பார்ப்பவரும் கத்தி பிடிப்பவரும் ஒரே எலும்பை ஒரே பெயரால் அழைக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் ரிப்போர்ட்டில் 'டிரான்சிஷனல் வெர்டிப்ரா' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அறுவைக்கு முன் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கேர்ந்து எண்ணியிருக்கீங்க டாக்டர்?"