மாடியறையில் கேட்டி: நோய்க்கதையைத் திருத்தும் வாசகர்கள்

1

பன்னிரண்டு வயதில் எனக்கு டி.பி. வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஆறு மாதத்திற்கு மாத்திரை கொடுத்தார்கள். ரிஃபாம்பிசின் விழுங்கினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முதல் நாள் அதை ரத்தம் என்று நினைத்து அலறினேன். வகுப்பில் என்னைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள். அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். போலியோவில் கால் சூம்பியவள். காலிப்பர் மாட்டிய காலை நீட்டி வைக்க அந்த பெஞ்சில்தான் இடமிருந்தது. ஆக, ஒதுக்கப்பட்ட இரண்டு உடல்கள் ஒரு பெஞ்சில் சேர்ந்தன. அங்கே உட்கார்ந்துதான் பள்ளி நூலகத்தின் ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தோம்.

சூசன் கூலிட்ஜ் 1872இல் எழுதிய ‘வாட் கேட்டி டிட்’ என்ற அமெரிக்க நாவலின் சுருக்கம் அது. கேட்டி துடுக்கான பெண். ஊஞ்சலில் ஆடாதே என்று அத்தை சொல்கிறாள், காரணம் சொல்லவில்லை. கேட்டி ஆடுகிறாள், ஊஞ்சல் அறுந்து விழுகிறது. முதுகில் அடிபட்டு மாடியறையில் கிட்டத்தட்ட நான்கு வருடம் கிடக்கிறாள். அவளைப்போலவே நோயாளியான ஹெலன் என்ற உறவுக்காரப் பெண் வந்து, வலி என்பது கடவுள் நடத்தும் பள்ளிக்கூடம் என்று புத்தி சொல்கிறாள். கேட்டி பொறுமை கற்று, படுக்கையிலிருந்தே குடும்பத்தை நடத்தப் பழகி, எல்லோருக்கும் நல்லவளாகிறாள். நல்லவளானதும் எழுந்து நடக்கிறாள், படியிறங்கி வருகிறாள்.

புத்தகத்தை மூடிவிட்டு என் தோழி கேட்டாள்: “நல்லவளா ஆனதும் நடந்துட்டா. அப்ப நான் இன்னும் திருந்தலையா?”

என்னிடம் பதிலில்லை. எனக்கு ஆறு மாதத்தில் குணமாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. கேட்டியின் கதை என் பக்கம் இருந்தது, அவள் பக்கம் இல்லை. ரஃப் நோட்டில் கடைசி அத்தியாயத்தை நாங்களே மாற்றி எழுதினோம். அதில் கேட்டி நடக்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு, “நாலு வருஷமா என்னை ஏன் மாடியில வச்சிருக்கீங்க? என் கட்டிலைக் கீழ போடுங்க” என்கிறாள். அவளுடைய அப்பா ஒரு டாக்டர் என்பதையும் சேர்த்து வாசித்தால் இந்தக் கேள்வியின் காரம் புரியும்.

வாசகர்கள் ஒரு புனைவின் நோயை மாற்றுவது, முடிவைத் திருத்துவது, மருந்தைக் கொண்டுவந்து நுழைப்பது இவற்றையெல்லாம் விசிறிகளின் விளையாட்டு என்று தள்ளிவிடுகிறோம். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

2

கேட்டி தனியாள் இல்லை. யோஹன்னா ஸ்பிரியின் ஹைடி 1880, 1881 என இரு பாகங்களாக வெளிவந்தாள். அதில் சக்கர நாற்காலியில் வரும் கிளாரா ஆல்ப்ஸ் மலைக்காற்றிலும் ஆட்டுப்பாலிலும் தேறி நடக்கிறாள். 1911இல் வந்த ‘சீக்ரெட் கார்டன்’ நாவலில் காலின் தோட்டத்துக்குள் நுழைந்து எழுந்து நிற்கிறான். மூன்று பிரதிகளிலும் ஒரே இலக்கணம்தான். முடக்கம் ஓர் ஒழுக்கக் குறைபாட்டின் குறிப்பானாக வருகிறது: பிடிவாதம், தன்னிரக்கம், நம்பிக்கையின்மை. குறை நீங்கியதும் உடலும் நிமிர்ந்துவிடும். நிமிராத உடலுக்கு இந்தக் கதையாடலில் ஓர் இடம்தான் மிச்சம். அது ஹெலனின் இடம். சாகும்வரை படுத்துக் கிடந்து, மற்றவர்களுக்கு உபதேசம் செய்யும் புனிதவதி. குணமாகு, இல்லையென்றால் தேவதையாகு. மூன்றாவதாக ஒரு வழியை இந்த எழுத்து யோசிக்கவேயில்லை.

சூசன் சொண்டாக் 1978இல் வெளியிட்ட ‘நோய் ஓர் உருவகம்’ என்ற நூலில் காசநோயின்மீதும் புற்றுநோயின்மீதும் பண்பாடு ஏற்றிவைத்த அர்த்தங்களை உரித்துக் காட்டினார். நோயை நோயாகப் பார்க்கச் சொன்னார். ஆனால் சிறுவர் நூல்களுக்குள் இந்த வேலையைச் செய்தவர்கள், அந்தப் புத்தகங்களைச் சிறுவயதில் நேசித்துப் படித்த பெண்கள். லாய்ஸ் கீத் அவர்களில் ஒருவர். வளர்ந்தபிறகு விபத்தில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர். தான் விரும்பிப் படித்த பழைய நூல்களுக்குத் திரும்பிப்போய், பெண்குழந்தைகளுக்கான செவ்வியல் புனைவுகளில் மரணமும் ஊனமும் குணமாதலும் எப்படிக் கையாளப்படுகின்றன என்று 2001இல் ஒரு விமர்சன நூல் எழுதினார். நேசித்த பிரதியே தன்னைக் குற்றவாளியாக்குகிறது என்று கண்டுகொண்ட வாசிப்பு அது. பிரதிக்கு வெளியே நின்று பேசும் விமர்சகருக்கு இது கிடைக்காது.

2015இல் ஜாக்குலின் வில்சன் இன்னொரு படி போனார். கேட்டியை இன்றைய இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து ‘கேட்டி’ என்ற பெயரிலேயே நாவலை மறுபடி எழுதினார். இதிலும் கேட்டி விழுகிறாள், தண்டுவடம் சேதமாகிறது. ஆனால் கடைசிவரை நடக்கவில்லை. சக்கர நாற்காலியோடு பள்ளிக்குப் போகிறாள். எங்கள் ரஃப் நோட்டை வில்சன் பார்த்திருக்க முடியாது. ஒரே பிரதி, கண்டம்விட்டுக் கண்டம், ஒரே எதிர்ப்பைக் கிளப்புகிறது என்றால் சிக்கல் அந்தப் பிரதிக்குள்தான் இருக்கிறது.

3

இப்போது ஒரு நீண்ட தொடருக்கு வருவோம். எலினர் பிரெண்ட்-டயர் எழுதிய ‘சாலே ஸ்கூல்’ வரிசை 1925இல் தொடங்கி, அவர் 1969இல் இறந்தபின் 1970இல் வெளிவந்த கடைசி நூல்வரை நீண்டது. அறுபதுக்குச் சற்றுக் குறைந்த நூல்கள். இங்கிலாந்துக்காரி மேட்ஜ் ஆஸ்திரியாவின் டைரோல் மலையில் ஒரு பெண்கள் பள்ளி தொடங்குகிறாள். அங்கே போக ஒரு காரணம், நோஞ்சானான தங்கை ஜோயிக்கு மலைக்காற்று நல்லது என்பது. மேட்ஜ் மணப்பவர் ஒரு டாக்டர். அவர் பக்கத்து மலையில் காசநோய் சானட்டோரியம் நடத்துகிறார். ஜோயி மணப்பவரும் டாக்டர்தான். நாஜிகள் 1938இல் ஆஸ்திரியாவை விழுங்கியதும் பள்ளி நாடுவிட்டு ஓடுகிறது, பிறகு சுவிட்சர்லாந்தில் நிலைகொள்கிறது. பள்ளி எங்கே போனாலும் சானட்டோரியம் கூடவே போகிறது. யாராவது அதிர்ச்சியடைந்தால் டாக்டர் எதையோ குடிக்கக் கொடுத்துத் தூங்கவைப்பார். ராபின் என்ற குழந்தையின் தாய் காசத்தில் இறந்தவள். அதனால் ராபின் தும்மினாலே பள்ளி நடுங்கும்.

இதன் வாசகிகள் இன்றும் இந்த உலகத்துக்குள் கதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நூல்களுக்கு நடுவே விடுபட்ட பருவங்களை நிரப்பும் நாவல்கள் அச்சிலேயே வந்துள்ளன. 1998இல் மெரின் வில்லியம்ஸ் இந்தப் பெண்கள் வளர்ந்தபின் என்ன ஆனார்கள் என்று கசப்பான ஒரு தொடர்ச்சியை எழுத, விசுவாசிகளில் பலர் கொதித்தார்கள். இந்தத் தொடரை வைத்து எழும் ‘இப்படி நடந்திருந்தால்’ கேள்விகளில் நோய் பற்றியவை தனிச்சுவை உள்ளவை. ராபினுக்கு நிஜமாகவே நோய் பற்றியிருந்தால்? பதினொரு பிள்ளை பெற்ற ஜோயியின் மயக்கங்களுக்கும் படபடப்புக்கும் ‘நோஞ்சான்’ என்பதைத் தவிர வேறு பெயர் இருந்தால்? டாக்டர் நீட்டும் மருந்தை ஒரு பெண் ‘இது என்ன, எதுக்கு?’ என்று கேட்டு மறுத்திருந்தால்?

எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி இது: ஸ்ட்ரெப்டோமைசின் வந்தபின் அந்த சானட்டோரியம் என்ன ஆகும்? ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1948இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனை முடிவு வெளியானது. 1952இல் ஐசோனியாசிட் வந்தது. ஐரோப்பாவின் மலைமேல் இருந்த சானட்டோரியங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, சில ஓட்டல்களாக மாறின. பிரெண்ட்-டயரின் மலையிலோ சானட்டோரியம் கடைசிவரை மூடவேயில்லை. ஏன் மூடவில்லை? மூடினால் டாக்டர் கணவர்களுக்கு வேலையில்லை. பெற்றோர் நோயாளியாகக் கிடக்கிறார்கள் என்று புதுப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவர முடியாது. ஒருவர் உடம்பைக் காட்டி மற்றவருக்கு நல்லபுத்தி சொல்ல முடியாது. நோய்தான் அந்த உலகின் பொருளாதாரம். மாத்திரையைக் கதைக்குள் கொண்டுவரும் வாசகி அந்தப் பொருளாதாரத்தில் கைவைக்கிறாள். ஆசிரியர் நிறுத்திவைத்த கடிகாரத்தை ஓடவிடுகிறாள்.

4

இந்த இடத்தில் சென்னை குறுக்கிடுகிறது. வலிந்து இழுத்துவரவில்லை, வரலாறே இப்படித்தான் போகிறது. மலைக்காற்று மருத்துவம் நம்மூருக்கும் வந்தது. இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் சானட்டோரியம் நடத்திய டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். மின்ரயிலில் போகிறவர்கள் இன்றும் ‘சானட்டோரியம்’ என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். மருந்து வந்தபின் இந்தியா போன்ற ஏழை நாட்டுக்கு ஒரு கேள்வி எழுந்தது. லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கை ஏது? சானட்டோரியம் இல்லாமல் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் குணமாகுமா?

இதைச் சோதிக்க 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானட்டோரியம், நல்ல சாப்பாடு, ஓய்வு, தாதிகள். மறுபாதிக்கு நெரிசலான வீடு, வீட்டில் இருக்கிற சாப்பாடு, அதே மருந்து. ஓராண்டுச் சிகிச்சையின் முடிவுகள் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தன. இரண்டு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தார்கள். வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வந்ததாகவும் தெரியவில்லை. மலைக்காற்றும் அமைதியும் நல்லொழுக்கமும் குணமாக்கும் என்ற ஒரு நூற்றாண்டுக் கதையாடலுக்குக் கடைசி ஆணியை ஆல்ப்ஸ் அடிக்கவில்லை, சென்னையின் ஒண்டுக்குடித்தனங்கள் அடித்தன. அதே 1959இல் சாலே வரிசையில் வந்த ஒரு நூலில், விபத்தால் ஊனமுற்றுக் கடவுள் நம்பிக்கை இழந்த நவோமி என்ற பெண், உடலும் நம்பிக்கையும் ஒருசேரத் தேறுகிறாள். கேட்டிக்குப் பிறகு எண்பத்தேழு வருடம்!

இன்னொரு சானட்டோரியம்வாசியையும் சொல்லவேண்டும். ரோலாண் பார்த். காசநோயாளியான அவர் 1942 முதல் 1946 வரை பெரும்பாலும் பிரெஞ்சு ஆல்ப்ஸிலும், பிறகு சுவிட்சர்லாந்தின் லேசினிலும் சானட்டோரியங்களில் கிடந்து படித்தவர். 1967-68இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தவரும் அவர்தான். நம் சிற்றிதழ்களில் அமைப்பியல் பேசத்தொடங்கியதிலிருந்து ஆசிரியன் இங்கேயும் எத்தனையோ முறை செத்துவிட்டான். ஆனால் அவன் பிணத்துக்குப் பக்கத்தில் பிறக்கவேண்டிய வாசகரை நாம் எங்கே தேடினோம்? கோட்பாடு படித்த நம்மைப் போன்றவர்களிடம்தான். கடைசி பெஞ்சில் தேடவில்லை.

5

இதையெல்லாம் சொல்லிவிட்டு விசிறிகளுக்குக் கோயில் கட்டவும் நான் தயாரில்லை. நோய்க்கதை எழுதும் வாசகர்களில் ஒரு சாரார் ஆரோக்கியமான பாத்திரத்தை வேண்டுமென்றே படுக்கையில் தள்ளுகிறார்கள், மற்றவர் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் சுகத்துக்காக. அன்பைக் கேட்க ஒரு காய்ச்சல் வேண்டியிருக்கிறது. அந்த ஏக்கம் எனக்குப் புரியாமலில்லை, கடைசி பெஞ்சில் நானும் அதைத்தான் விரும்பினேன். ஆனாலும் அங்கே நோய் மறுபடியும் உருவகமாகிவிடுகிறது. கூலிட்ஜ் உபதேசத்துக்குப் பயன்படுத்தியதை இவர்கள் அணைப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆரஞ்சு சிறுநீர் அங்கேயும் வராது. மாற்றி எழுதுவதாலேயே ஒரு வாசிப்பு எதிர்ப்பாகிவிடாது. யார் உடம்பை வைத்து யாருக்கு லாபம் என்று அது கேட்கவேண்டும்.

வில்சனின் ‘கேட்டி’யை வாங்கி என் தோழிக்கு அனுப்பினேன். படித்துவிட்டுப் போன் செய்தாள். “பரவால்ல, நடக்கவிடல. ஆனா இவளும் ஏதோ பாடம் கத்துக்கிட்டுத்தானே ஆகவேண்டியிருக்கு? சும்மா இருக்கவிட மாட்டாங்களா?” என்றாள். அதற்கும் என்னிடம் பதிலில்லை.

அந்த வாரம் ஊனச் சான்றிதழைப் புதுப்பிக்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். 1995இல் ஒரு சட்டம், 2016இல் இன்னொரு சட்டம் என்று வந்தாயிற்று. கையெழுத்துப் போடுகிறவர் மாடியில் உட்கார்ந்திருக்கிறார். லிஃப்ட் இல்லை. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறியதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

“கட்டிலைக் கீழ போடச் சொல்லி எழுதினோமே, ஞாபகமிருக்கா? அந்த நோட்டு உன்கிட்டதானே இருக்கு?”