நடுவேனில் விழாவும் பொஸ்ரன் ஆபிரிக்க லொட்ஜும்

பிறீமேசன் சங்கம் என்றவுடன் மூடிய கதவுகளும், மறைச்சொற்களும், ஏப்பிரன் தரித்த கனவான்களுமே பலரது மனக்கண்முன் தோன்றுதல் வழக்கம். கட்டடத் தொழிலாளியை மேசன் என்றே அழைக்கும் நம்மவர்க்குச் சொல் புதிதன்று. ஆயின் இச்சங்கத்தார் பெரும்பாலும் கல்லையும் சாந்தையும் தொட்டறியாதோர். மத்தியகாலக் கட்டடத் தொழிலாளரின் கருவிகளையும் கதைகளையும் ஒழுக்கக் குறியீடுகளாக்கி, 'சகோதரர்' என ஒருவரையொருவர் விளித்துக்கொண்ட வணிகரும் பிரபுக்களும் கைவினைஞருமே இதன் உறுப்பினராயினர். லொட்ஜ் எனப்பட்ட இவர்களது உள்ளூர் மன்றங்கள் மதுச்சாலைகளின் மாடியறைகளிற் கூடின. உள்ளே நடந்தவற்றை வெளியார் அறியார். எனினும் பதினெட்டாம் நூற்றாண்டிலே இச்சங்கம் வெளியார் காணத் தெருவுக்கு வந்த நாள் ஒன்று உண்டு. அது யோவான் ஸ்நானகரின் திருநாளாகிய யூன் 24. வட ஐரோப்பாவிற் பகற்பொழுது மிக நீண்டிருக்கும் நடுவேனிற் காலம் அது.

இலண்டனில் நான்கு லொட்ஜுகள் இணைந்து பெருமன்றத்தை நிறுவியது 1717 யூன் 24 இல் என்பது சங்கத்தாரின் மரபுவழிக் கூற்று. இக்கூற்று முதன்முதலாக அச்சேறியது 1738 இல் என்பதால் அண்மைக்கால ஆய்வாளர் சிலர் அதனை ஐயுறுகின்றனர். 1721 இல் அதே திருநாளன்று மொன்ரேகு கோமகன் தலைவராகப் பதவியேற்றமையும் பெருவிருந்து நடைபெற்றமையும் ஐயத்துக்கு இடமற்றவை. அதன்பின் ஆண்டு விருந்தும் அதற்கு முன்னதான ஊர்வலமும் இலண்டன் மாநகரின் காட்சிகளுள் ஒன்றாயின. காட்சி என்றால் நகைப்பும் உடன்வரும். 1740களின் தொடக்கத்திற் குறும்பர் சிலர் கழுதைகளையும் கிழிந்த உடைகளையும் கொண்டு போலி ஊர்வலங்கள் நடத்தி மேசன்மாரை எள்ளினர். 1747 இற் பெருமன்றம் ஊர்வலத்தைக் கைவிட்டது. கோமகன்களுக்கும் செல்வர்க்கும் தெருவில் நடத்தல் ஓர் அலங்காரமேயன்றி வேறன்று. நகைப்புக்கு இடமாயின் அதனை விட்டுவிடலாம். விருந்து மட்டும் தொடர்ந்தது.

அதே நடுவேனில் நாளில் தெருவில் நடக்கும் உரிமையையே தம் முதல் உரிமையாகப் பெற்று, அதனை இறுகப் பற்றிக்கொண்ட லொட்ஜ் ஒன்று அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், மசச்சூசெற்ஸின் பொஸ்ரன் நகரில் இருந்தது. அதன் உறுப்பினர் கறுப்பின மக்கள். சிலர் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோர். அந்த லொட்ஜின் வேனிற்காலக் கூட்டங்களை நோக்குமிடத்து, சகோதரத்துவம் என்ற சொல் விருந்து மேசையில் ஒரு பொருளும் தெருவில் வேறொரு பொருளும் உடையதாயிருந்தமை புலனாகும்.

லொட்ஜின் நிறுவுநர் பிறின்ஸ் ஹோல். அவரது பிறப்பிடத்தைப் பற்றிப் பிற்காலத்தார் கட்டிய கதைகள் பல. அவை இங்கு வேண்டியதில்லை. பொஸ்ரனில் வில்லியம் ஹோல் என்னும் தோற்றொழில் முதலாளியின் அடிமையாக இருந்து, 1770 இல் விடுதலைப் பத்திரம் பெற்றார். அதன்பின் அதே தொழிலைத் தாமே நடத்தினார். 1777 இற் புரட்சிப் படையின் பீரங்கிப் பிரிவுக்கு முரசுத் தோல்கள் வழங்கியமைக்காக அவர் கொடுத்த விலைச்சிட்டை ஒன்று எஞ்சியுள்ளது. ஹோலும் வேறு பதினால்வரும் மேசன்மாராகச் சேர்க்கப்பட்டது குடியேற்றவாசிகளின் லொட்ஜில் அன்று. பிரித்தானியப் படைப்பிரிவு ஒன்றைச் சார்ந்திருந்த, அயர்லாந்துப் பெருமன்றத்தின் 441 ஆம் இலக்க லொட்ஜே அவர்களை ஏற்றது. இது 1775 மார்ச் 6 இல் நடந்ததென நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. 1778 என்போரும் இன்று உளர். எவ்வாறாயினும், சுதந்திரம் வேண்டிப் போராடிய மக்கள் திறவாத கதவை அவர்களை அடக்க வந்த படையினர் திறந்தனர் என்னும் முரண் மாறாது.

ஆங்கிலப் படையினர் அகன்றபின் இவர்களிடம் எஞ்சியது மாகாணத் தலைவரான ஜோன் றோ என்னும் வணிகர் அளித்த அனுமதி ஒன்றே. புதியோரைச் சேர்க்கும் அதிகாரம் அதில் இல்லை. அது தந்த உரிமைகள் இரண்டு: யோவான் திருநாளன்று ஊர்வலம் செல்லலாம், இறந்த சகோதரரை முறைப்படி அடக்கஞ் செய்யலாம். ஹோல் 1784 இல் இலண்டனுக்கு எழுதிய கடிதத்தில் இவ்விரண்டையுமே குறிப்பிடுகின்றார். இவற்றை அற்பமெனக் கருதுவோர் அடிமை முறைமை எவற்றையெல்லாம் பறித்தது என்பதை மறந்தோர் ஆவர். உயிரோடிருக்கும்போது தெருவில் நிமிர்ந்து செல்லவும், இறந்தபின் பெயரோடு புதைக்கப்படவும் உள்ள உரிமைகள் அவை.

ஊர்வலம் கண்ட நகரத்தார் யாவரும் அதனை மதித்தாரல்லர். மேசன்மார்க்கு யோவான் திருநாள் இரண்டு. நற்செய்தியாளர் யோவானின் நாள் டிசம்பர் 27 இல் வரும். 1782 இல் அந்தக் குளிர்காலத் திருநாளை ஆபிரிக்கச் சகோதரர் கொண்டாடியபோது பொஸ்ரன் செய்தித்தாள் ஒன்று 'புனித கறுப்பர் லொட்ஜ்' எனப் பரிகாசமாகப் பெயரிட்டுச் செய்தி வெளியிட்டது. ஹோல் உடனே மறுமொழி எழுதினார். தமது மன்றத்தின் பெயர் அதுவன்று என்றும், உயர்ந்த பட்டங்களைத் தாம் நாடவில்லை என்றும், மனிதர் அனைவரிடத்தும் அன்பு பரவவேண்டும் என்பதே தம் வேட்கை என்றும் அடக்கமாகக் கூறினார். பத்திரிகையிலே தம் பெயரைத் தாமே திருத்திக்கொள்ளும் துணிவு அக்காலக் கறுப்பினத்தவர்க்கு எளிதில் வாய்க்கக்கூடியதன்று.

வெள்ளையர் லொட்ஜுகள் இவர்களை ஏற்காமையால் ஹோல் இலண்டன் பெருமன்றத்தை நாடினார். அமெரிக்கா சுதந்திர நாடாகிவிட்ட பின்னர் பழைய ஆட்சியாளரின் தலைநகருக்கே விண்ணப்பம் சென்றது. 1784 செப்ரெம்பர் 29 எனத் திகதியிடப்பட்ட பட்டயம், பணமும் தூதரும் தாமதித்தமையால், 1787 ஏப்பிரல் 29 இலேயே பொஸ்ரனை அடைந்தது. இவ்வாறு ஆபிரிக்க லொட்ஜ் 459 ஆம் இலக்கத்தைப் பெற்றது.

இவ்விடத்து ஹோலின் அரசியல் நிலைப்பாட்டையும் சிறிது நோக்குதல் வேண்டும். 1786 இன் பிற்பகுதியில் மசச்சூசெற்ஸின் கடன்பட்ட உழவர் ஷேய்ஸ் என்பவரின் தலைமையிற் கிளர்ந்தெழுந்தபோது, அதனை அடக்குவதற்கு லொட்ஜின் உதவியை ஆளுநர் போடனுக்கு ஹோல் முன்வந்து அளித்தார். உதவி ஏற்கப்படவில்லை. சில வாரங்களின் பின், 1787 சனவரியில், ஆபிரிக்காவுக்கே திரும்பிச் சென்று குடியேற உதவுமாறு சட்டமன்றத்துக்கு அவரும் எழுபதுக்கு மேற்பட்டோரும் விண்ணப்பித்தனர். அதே ஆண்டில், வரி செலுத்தும் தம்மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்றொரு விண்ணப்பமும் சென்றது. ஏழை உழவர்க்கு எதிராக அரசுடன் நிற்க முனைந்தமையைப் பிற்போக்கென ஒதுக்குதல் எளிது. ஆயின் அரசின் நல்லெண்ணத்தையன்றி வேறு காப்பு எதுவுமற்ற ஒரு சிறுபான்மை, தன் விசுவாசத்தை முதலிற் காட்டி, அது பயன்படாதபோது வெளியேற வழி கேட்டது என்றே இவ்விரு செயல்களையும் சேர்த்து விளங்கிக்கொள்ளல் தகும்.

அக்காப்பின்மை எத்தகையது என்பதை 1788 பெப்ரவரியில் நடந்த சம்பவம் காட்டும். பொஸ்ரன் துறைமுகத்திலே வேலை தருவதாகச் சொல்லி மூன்று சுதந்திரக் கறுப்பர் கப்பலொன்றில் ஏற்றப்பட்டனர். உள்ளே பூட்டப்பட்ட அவர்களுடன் கப்பல் மேற்கிந்தியத் தீவுகளை நோக்கிப் புறப்பட்டது. மூவருள் ஒருவர் ஆபிரிக்க லொட்ஜின் சகோதரர். ஹோலும் லொட்ஜ் உறுப்பினர் இருபதுக்கு மேற்பட்டோரும் பெப்ரவரி 27 இற் சட்டமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதினர். தம்முட் பலர் கடல்வழிப் பிழைப்புக்குரியோர் என்றும், பிடிபட்டு விற்கப்படுவோம் என்ற அச்சத்தால் வேலைக்குச் செல்லவும் அஞ்சுகின்றனர் என்றும் அதிலே முறையிட்டனர். குவேக்கர் சபையினரும் பொஸ்ரன் மதகுருமாரும் தனித்தனி விண்ணப்பங்களால் இதற்குத் துணைநின்றனர். மார்ச் 26 இல் அடிமை வாணிகத்தைத் தடுக்கவும், கடத்தப்பட்டோரின் குடும்பங்களுக்கு நிவாரணம் அளிக்கவும் சட்டம் நிறைவேறியது. ஆளுநர் ஹன்கொக் தீவுகளின் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்.

எஞ்சிய கதையைப் பொஸ்ரன் மதகுருவும் வரலாற்றாசிரியருமாகிய ஜெறெமி பெல்க்நப்பின் கடிதங்களால் அறிகிறோம். சென் பார்த்தெலமி தீவில் மூவரும் விற்பனைக்கு நிறுத்தப்பட்டனர். அவர்களை வாங்குமாறு கேட்கப்பட்ட வணிகரும் ஒரு மேசன். லொட்ஜைச் சேர்ந்த சகோதரர் தம்மை அவருக்கு அறியச்செய்து நடந்ததை எடுத்துரைத்தார். விடயம் தீவின் ஆளுநரிடம் சென்றது, விற்பனை தடைப்பட்டது. அவ்வாண்டு யூலையில் மூவரும் பொஸ்ரன் வந்து சேர்ந்தனர். வந்த மறுநாட் காலையில் ஹோல் அவர்களை அழைத்துச் சென்று பெல்க்நப்பைச் சந்திக்கச் செய்தார். அந்த வேனிலிற் கறுப்பின மக்களிடையே பெருமகிழ்ச்சி நிலவியது. மேசன்மார் தம் குறிகளையும் கைகுலுக்கலையும் பற்றிப் பெருமையாகச் சொல்லும் கதைகளுட் பெரும்பாலானவை நம்பத்தகாதவை. இக்கதை ஆவணம் உடையது. ஏலத்துக்கு நிறுத்தப்பட்ட மனிதனைச் சகோதரன் என்று ஏற்ற வணிகர் அயல்தீவில் இருந்தார். பொஸ்ரனின் வெள்ளை மேசன்மாரோ அதே மனிதனைத் தம் மன்றத்தில் அமரவிடார்.

இச்சம்பவத்துக்கு அடுத்த ஆண்டு முதற்கொண்டு நடுவேனில் விழா புதியதொரு வடிவம் பெற்றது. 1789 யூன் 24 இல், ஹோலின் வேண்டுகோளின்படி, லொட்ஜின் குருவான ஜோன் மறன்ற் பிரசங்கம் நிகழ்த்தினார். நியூயோர்க்கிற் பிறந்த சுதந்திரக் கறுப்பரான அவர் நோவாஸ்கோசியாவில் ஊழியம் புரிந்து வந்தவர். பிரசங்கம் அவ்வாண்டே அச்சாயிற்று. விருந்து ஒரு நாளில் முடிவது. ஊர்வலம் கண்டோர் நினைவில் மட்டும் வாழ்வது. அச்சு நூலோ அங்கிராதவர் கைக்கும் செல்வது. வேனிற்காலக் கொண்டாட்டத்தை அச்சுடன் இணைத்தமையே லொட்ஜின் முக்கிய சாதனை என்பது எம் கருத்து. மறன்ற் வேதாகமப் புவியியலையும் திருச்சபை வரலாற்றையும் துணைக்கொண்டு ஆபிரிக்கரின் தொன்மையை நிறுவ முயன்றார். அவரது வாதங்களுட் சில இன்றைய வரலாற்று அளவைக்கு நில்லா. ஆயினும், தமக்கு வரலாறே இல்லை எனச் சொல்லப்பட்ட மக்கள், தமக்கு எட்டிய நூல்களைக் கொண்டு ஒரு வரலாற்றைக் கட்டினர் என்பதே கவனிக்கற்பாலது.

1792 இல் யூன் 24 ஞாயிற்றுக்கிழமையாயிருந்தது. 25 ஆந் திகதி சாள்ஸ்ரவுணில் ஹோல் தாமே உரை நிகழ்த்தினார். கடவுளிடத்து அன்பு, துன்புற்றோர்க்கு நிறம் பாராது உதவுதல், சட்டத்துக்கு அமைதல் என உரை முறைப்படி தொடங்குகிறது. படிப்படியாக அது வேறு திசையிற் செல்கிறது. தெர்த்துல்லியன், சிப்பிரியன், அகுஸ்தீன் ஆகிய ஆபிரிக்கத் திருச்சபைத் தந்தையர் நினைவூட்டப்படுகின்றனர். கறுப்பினச் சிறார்க்குப் பள்ளியில்லாமை பேசப்படுகிறது. போர்க்களத்தில் வெள்ளையரோடு தோளோடு தோள் சேர்ந்து நடந்த நாட்கள் சுட்டப்படுகின்றன. அவ்வாறு நடந்தோர் இப்போது அருகருகே அமர்தல் ஆகாது என்பதற்கு விடை சொல்லவேண்டியோர் யார் என்பதை ஹோல் கேட்போரின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறார்.

1797 யூன் 24 இல் மெனொற்றமி என்னும் ஊரில் நிகழ்த்திய உரையில் அந்தத் தயக்கம் இல்லை. பொஸ்ரன் தெருக்களில் நாள்தோறும் ஏற்கவேண்டிய அவமானங்களை ஹோல் வெளிப்படையாகச் சொல்கிறார். பொது மகிழ்வு நாட்களிலேயே அது மிகக் கொடிது என்கிறார். ஆதரவற்ற மூதாட்டிகளின் ஆடைகள் கிழிக்கப்படுகின்றன. தனி ஒருவர்மீது இருபது முப்பது பேர் பாய்கின்றனர். 1790 இன் குடிசன மதிப்பீட்டில் அடிமை ஒருவரேனும் இல்லை எனப் பதிவான ஒரே மாநிலத்தின் தலைநகர் அது என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். மற்றையோர்க்கு விடுமுறை நாள் மகிழ்ச்சியின் நாள். கறுப்பினத்தவர்க்கோ அது அஞ்சவேண்டிய நாள். நடுவேனில் நாளொன்றில் வரிசையாக, ஒழுங்காக, தமக்குரிய அணிகளோடு அவர்கள் தெருவில் நடந்தமையின் பொருள் இப்பின்னணியிலேயே விளங்கும். பொறுமையைக் கைக்கொள்ளுமாறு சகோதரரை வேண்டும் ஹோல், உடனடுத்து பிரெஞ்சு மேற்கிந்தியத் தீவுகளை நினைவூட்டுகிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன் அங்கே காலை முதல் மாலைவரை சவுக்கோசையே கேட்டது. இப்போது காட்சி மாறிவிட்டது என்கிறார். 1791 இல் வெடித்த ஹெயிற்றிப் புரட்சியே அவர் சுட்டியது. இவ்வுரையும் அச்சிடப்பட்டது. அதே ஆண்டில் பிலடெல்பியாவிலும் பிறொவிடென்சிலும் லொட்ஜுகள் அமைக்க ஹோல் அதிகாரம் வழங்கினார்.

வெள்ளை மேசன்மார் ஏன் ஒதுங்கினர் என்பதற்குச் சட்டக் காரணங்கள் பல சொல்லப்பட்டன. 1795 இல் மசச்சூசெற்ஸின் அடிமை முறைமை பற்றி வேர்ஜீனியாவிலிருந்து வந்த வினாக்களுக்கு விடையெழுதிய பெல்க்நப், கறுப்பரோடு சமமாயிருக்க அவர்கள் வெட்கப்படுகின்றனர் என்பதே உண்மை என ஒரே வரியில் அவற்றை ஒதுக்கிவிட்டார். சில ஆண்டுகளின் பின், மசச்சூசெற்ஸின் சேலம் நகர மதகுரு வில்லியம் பென்ற்லி, கடலோடிகள் சங்கத்தின் கடலாமை விருந்தொன்றை நாட்குறிப்பில் விவரிக்கிறார். அவ்விருந்தின் தலைமைச் சமையற்காரர் பிறின்ஸ் ஹோல். ஆபிரிக்க லொட்ஜின் தலைவர் என்றும், தம் மக்களிடையே பெருஞ் செல்வாக்குடையவர் என்றும் அவரைப் பென்ற்லி மதிப்புடனேயே குறிப்பிடுகிறார்.

ஹோல் 1807 டிசம்பர் 4 இற் காலமானார். 1813 இல் இங்கிலாந்தின் இரு பெருமன்றங்களும் இணைந்தபோது ஆபிரிக்க லொட்ஜின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. 1827 இல் அது தன்னைச் சுயாதீன அமைப்பாகப் பிரகடனஞ் செய்தது. இரண்டு ஆண்டுகளின் பின் அடிமை முறைமையைச் சாடி அமெரிக்கத் தென்மாநிலங்களை நடுங்கச் செய்த நூலை எழுதிய டேவிட் வோக்கர் அக்காலத்தில் அதன் உறுப்பினருள் ஒருவர். மசச்சூசெற்ஸின் பிறின்ஸ் ஹோல் பெருமன்றத்தை இங்கிலாந்துப் பெருமன்றம் மீண்டும் அங்கீகரித்தது 1994 இல்.