கட்டமாறுபாட்டு நுண்ணோக்கி

கட்டமாறுபாட்டு நுண்ணோக்கி என்பது உயிருள்ள உயிரணுக்களைச் சாயமேற்றாமலும் ஒளிரும் அடையாளப் பொருள் எதையும் சேர்க்காமலும் காண உதவும் ஒளியியல் கருவியாகும். இதன் தத்துவத்தைக் கண்டறிந்தவர் நெதர்லாந்து இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் செர்னிகே (1888–1966).

தேவை

உயிரணுவின் பெரும்பகுதி நீர். அதன் உள்ளுறுப்புகள் ஒளியை மிகக் குறைவாகவே உட்கவர்வதால், சாதாரண நுண்ணோக்கியில் அவை தெளிவாகத் தெரிவதில்லை. 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் சாயங்களைக் கொண்டு இக்குறையைப் போக்கினர். ஆனால் பொதுவாகச் சாயமேற்றும் முன் உயிரணுவை வேதிப்பொருளால் நிலைப்படுத்த வேண்டும். அதில் உயிரணு இறந்துவிடும். எனவே உயிரணுப் பிரிதலின் பல நிலைகளை இறந்த மாதிரிகளில் பார்த்து, இடையில் நடப்பதைப் பெரும்பாலும் ஊகித்தே அறிந்தனர்.

தத்துவம்

உயிரணுவில் ஒளிவிலகல் எண் மிகுந்த பகுதிகளைக் கடக்கும் ஒளி, பொலிவு குறையாவிட்டாலும் சற்றே தாமதமடைகிறது. இந்தக் கட்ட வேறுபாட்டைக் கண்ணால் உணர முடியாது. 1930 அளவில் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் விளிம்பு விளைவுக் கீற்றணிகளை ஆராய்ந்தபோது செர்னிகே இதற்கு வழி கண்டார். மாதிரியால் விலக்கப்படும் ஒளி, நேராகச் செல்லும் ஒளியைவிட ஏறத்தாழ கால் அலைநீளம் பின்தங்குகிறது. நேர் ஒளியின் பாதையில் ஒரு கட்டத் தகட்டை வைத்து, அதன் கட்டத்தை மேலும் கால் அலைநீளம் மாற்றிப் பொலிவையும் குறைத்தால், இரு ஒளிகளும் குறுக்கீட்டு விளைவை உண்டாக்கும். கண்ணுக்குப் புலப்படாத தாமதம் அப்போது ஒளி–இருள் வேறுபாடாக மாறுகிறது.

வரவேற்பு

1932இல் செர்னிகே ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள சைஸ் நிறுவனத்திடம் இம்முறையை விளக்கினார். நுண்ணோக்கியில் பிம்பம் உருவாகும் விதத்தை விளக்கிய எர்ன்ஸ்ட் ஆபி பணியாற்றிய நிறுவனம் அது. நடைமுறைப் பயன் இருந்திருந்தால் தாங்களே முன்பே கண்டுபிடித்திருப்போம் என அங்கிருந்த மூத்த அறிவியலாளர் ஒருவர் கூறியதாகச் செர்னிகே பின்னர் தமது நோபல் உரையில் குறிப்பிட்டார். போர்க்காலத்தில், 1941இல்தான் ஜெர்மனியில் இக்கருவிகளின் தயாரிப்பு தொடங்கியது. 1953இல் செர்னிகேவுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்றைய நிலை

பச்சை ஒளிர் புரதம் போன்ற அடையாளப் பொருள்கள், குறிப்பிட்ட ஒரு புரதம் எங்குள்ளது என்பதைக் காட்டுகின்றன. கட்டமாறுபாட்டு முறையால் அது இயலாது. பொருள்களின் விளிம்பைச் சுற்றி ஒளிவட்டமும் தோன்றும். ஆனால் ஒளிரும் பொருள்கள் நாளடைவில் மங்கும். அவற்றைத் தூண்டும் கடும் ஒளி உயிரணுவுக்குத் தீங்கும் செய்யும். எனவே உயிரணுக்கள் வளர்வதையும் நகர்வதையும் பிரிவதையும் நெடுநேரம் கவனிக்க, வளர்ப்பு ஆய்வகங்கள் இன்றும் செர்னிகேவின் முறையைப் பயன்படுத்துகின்றன.