பேச்சுரிமை

ஒருவர் தம் கருத்தை அரசின் முன் அனுமதியின்றியும் தண்டனைக்கு அஞ்சாமலும் பேசவும் எழுதவும் அச்சிடவும் உள்ள உரிமை. கருத்துரிமை, எழுத்துரிமை என்ற சொற்களும் இதனோடு சேர்ந்து வழங்குகின்றன. இந்திய அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு இவ்வுரிமையைக் குடிமக்களுக்கு வழங்குகிறது.

தருமபுரி மாவட்டத்தில் இதன் வரலாற்றைச் சொல்பவர்கள் பாப்பாரப்பட்டியில் வாழ்ந்து மறைந்த சுப்பிரமணிய சிவாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1884இல் வத்தலகுண்டில் பிறந்த சிவா, 1908இன் தொடக்கத்தில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையோடு மேடையேறிச் சுதேசியம் பேசினார். மார்ச் 12 அன்று இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச்சூட்டில் நால்வர் மாண்டனர். 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் நுழைந்த 124அ என்னும் அரசத்துரோகப் பிரிவின்கீழ் வழக்கு நடந்தது. சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை. வ.உ.சி.க்குத் தம் பேச்சுக்காக 20 ஆண்டு, சிவாவின் பேச்சுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னொரு 20 ஆண்டு. பேசியவருக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்ததே உடந்தைக்குச் சான்றானது. அன்றைய பேச்சுத் தடையின் கொடுமையை உணர இது ஒன்றே போதும். மேல்முறையீட்டில் தண்டனைகள் ஆறாண்டுகளாகக் குறைந்தன.

சேலம் சிறையிலும் அடைபட்டிருந்த சிவா, 1912இல் தொழுநோயாளியாக வெளியே வந்தார். அடுத்த ஆண்டே ‘ஞானபானு’ இதழைத் தொடங்கினார். பத்திரிகைகளிடம் பிணைத்தொகை கேட்கவும் அதைப் பறிமுதல் செய்யவும் அரசுக்கு அதிகாரம் தந்த 1910ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் நடப்பில் இருந்த காலம் அது. பின்னர் நோயைக் காரணம் காட்டி அவர் ரயிலேறவும் தடை விதித்தார்கள். ஊர் ஊராகச் சென்று பேசுவதையே வாழ்க்கையாகக் கொண்டவரை இது எவ்வளவு வதைத்திருக்கும்! சிவா கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் சென்று பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரத ஆசிரமம் கண்டார்; அங்கு அவர் எழுப்ப விரும்பிய பாரதமாதா கோயிலுக்கு 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று சிவா அங்கேயே காலமானார்.

விடுதலைக்குப் பிறகும் சிக்கல் தீரவில்லை. தருமபுரி சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த 1950 பிப்ரவரியில், அதே சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர். இந்தச் சூட்டின் பின்னணியில், மார்ச் மாதம், பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழைச் சென்னை மாகாணத்துக்குள் நுழையவிடாமல் அரசு தடுத்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மே மாதம் தடையை நீக்கியது. பொது அமைதி என்ற பரந்த காரணத்தைச் சொல்லி இதழைத் தடுக்க அரசமைப்பில் இடமில்லை என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்து சுமார் ஓராண்டில், 1951இல், முதல் திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்பதையும் பேச்சைக் கட்டுப்படுத்தும் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்துவிட்டது.

சிவாவைத் தண்டித்த 124அ பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அரசத்துரோகம் என்ற பெயர் இல்லை. ஆனால் நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஊறு செய்யும் பேச்சுக்கும் எழுத்துக்கும் அதன் 152ஆம் பிரிவு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் தருகிறது.