ஓலையில் ஏறிய பிரசங்கம்

விரிவுரையைக் கேட்டுக்கொண்டே குறிப்பெழுதும் பழக்கம் மேனாட்டுக் கல்லூரிகளோடு நம் நாட்டிற்கு வந்ததென்று இறையியல் மாணாக்கர் பலர் எண்ணுகின்றனர். தஞ்சைத் திருச்சபையின் வரலாறோ வேறு விதமாகக் கூறுகிறது.

கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியின் துணைத் தலைவராயிருந்த கிளாடியஸ் புக்கானன் 1806ஆம் ஆண்டில் தஞ்சைக்கு வந்தார். சுவார்ட்ஸ் ஐயர் மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜான் ஐயர் தமிழில் பிரசங்கிக்க, சபையாரில் பலர் ஓலையும் கையுமாக அமர்ந்து அதனைச் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டிருந்ததைப் புக்கானன் கண்டார். பிரசங்கியார் நிதானமாகப் பேசினால், மூத்த மாணாக்கரும் உபதேசிமாரும் ஒரு சொல்லையும் தவறவிடமாட்டார்கள் என்று சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கரான கோலாப் ஐயர் உறுதி கூறினாராம். இங்கிலாந்துப் பல்கலைக்கழக மாணாக்கர் சிலருக்கே இது கைவராது என்று வியந்து எழுதினார் புக்கானன். விருந்தினரின் புகழ்ச்சியென்று சற்றுக் கழித்துக்கொண்டாலும், அவர் கண்ணால் கண்டதை மறுப்பதற்கில்லை.

எழுதிய முறையை நாம் கவனித்தல் வேண்டும். அவர்கள் ஓலையை அரிதாகவே நோக்கினர். இருளிலும் எழுத வல்லவர்கள். ஆகவே, பிரசங்கியாரின் முகத்தைப் பார்த்தபடியே எழுத இயன்றது. ஆனால் ஓலை கிழியுமென்று புள்ளி இடுவதில்லை. எரியும் ஏரியும் ஒன்றுபோலத் தோன்றும். இத்தகைய எழுத்தைப் பல மாதம் கழித்துப் பிறர் வாசித்துப் பொருள் கொள்வது எளிதன்று. கேட்டவரே, நினைவு மங்குமுன், எடுத்து வாசித்தாக வேண்டும்.

அந்த மிஷனில் அதற்கொரு பழைய விதியே இருந்தது. காலைப் பிரசங்கத்தை அன்று மாலையே உபதேசியார் தம் ஓலையிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசித்தல் வேண்டும். குறிப்பின் பயனெல்லாம் இவ்விதியில் அடங்கியிருந்தது என்பது நம் கருத்து. மாலையில் பிள்ளைகள் முன் நிற்கவேண்டியவர் காலையில் அரைகுறையாகக் கேட்டிருக்க முடியாது. ஆசிரியர் வாயிலாகக் கிடைப்பது காற்பங்கே, உடன்பயில்வோரால் மற்றொரு கால், பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப்பங்கு என்று நன்னூலாரும் கணக்கிட்டாரன்றோ?

நம் குறிப்பேடுகளோ பெரும்பாலும் தேர்வுக்கு முந்திய இரவில்தான் மறுபடி திறக்கப்படுகின்றன. படப்பையை எண்ணிப் பார்ப்போம். ஒரகடம் ஆலைகளில் ஷிப்டு முறையில் உழைப்போர் வாழும் வட்டாரம் அது. ஞாயிறு காலையில் வேலையிலிருப்பவர் ஆராதனைக்கு வர இயலாது. அத்தகைய ஊருக்கு ஊழியப் பயிற்சிக்குச் செல்லும் மாணாக்கர், காலையில் கேட்டதை மாலையில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் எடுத்துரைக்க நேர்ந்தால், அவருடைய குறிப்பு எப்படியிருக்கும்? கைப்பேசியில் ஒலிப்பதிவை அனுப்பிவிடலாமே என்பர். அனுப்பலாம். எனினும் புரியாத இடத்தில் ஒலிப்பதிவை நிறுத்திக் கேள்வி கேட்டால் அது மறுமொழி கூறாது.

குறிப்பெழுதுவோரை மட்டும் குறைகூறுதல் நியாயமன்று. தஞ்சையில் பிரசங்கியார் நடுநடுவே வினா எழுப்புவார்; சபையார் ஒரே குரலாய் விடையளிப்பர். கவனம் சிதறாதிருக்கவே இவ்வழக்கம் என்றாலும், எழுத்தாணிக்கும் அது சற்று ஓய்வளித்திருக்கும். இவ்வாறு சொற்களைப் பதிந்துகொள்ளும் மக்களுக்குமுன் பேசுகிறவர் அறிவோடு பேசுதல் தனிப்பட இன்றியமையாதது என்று, மல்கியா 2:7ஐச் சுட்டி, புக்கானன் அதே இடத்தில் எழுதியுள்ளார்.