மேனாட்டார் அறிந்த புத்தர்

மேனாட்டார் புத்தரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் முதன்முதலாக அறிந்தனர் என்னும் கருத்து முழுதும் பொருந்துவதன்று. கி.பி. 200ஐ ஒட்டி அலெக்சாந்திரியா நகரத்துக் கிளமெண்டு அவர் பெயரைச் சுட்டியுள்ளார். 393இல் செரோம் என்னும் துறவி, புத்தர் கன்னியொருத்தியின் விலாவிற் பிறந்தார் என்ற வழக்கை எடுத்துரைத்தார். ஆயினும் பெயரை அறிதல் வேறு. ஆளை அறிதல் வேறு.

இடைக்காலத்தில் நிகழ்ந்ததே வியப்புக்குரியது. அரண்மனை துறந்த அரசிளங்குமரன் வரலாறு மேற்கே சென்றபொழுது, ‘போதிசத்துவ’ என்னும் சொல் அரபியில் ‘பூதாசப்’ ஆயிற்று. அவ்வெழுத்தில் பகர யகரங்களை வேறுபடுத்துவது கீழிடும் புள்ளியே. புள்ளியொன்று மிகவே ‘யூதாசப்’ என்ற பாடம் எழுந்தது. ஏடெழுதுவோரால் பாடம் திரிதலை நன்கறிந்த நமக்கு இது புதுமையன்று. சியார்சிய மொழியினும் கிரேக்கத்தினும் புகுந்து, இலத்தீனில் அது ‘யோசபாத்து’ என நிலைபெற்றது. கதையும் கிறித்தவக் கதையாயிற்று. உரோமத் திருச்சபையின் தூயோர் பட்டியல் நவம்பர் 27ஆம் நாளை அவருக்கு உரியதாக்கியது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் கோட்டோ இவ்விரு வரலாறுகளின் ஒற்றுமையைக் கண்டார். ஆனால், இந்தியர் போற்றும் புத்தர் யோசபாத்தே ஆவார் எனத் தலைகீழாகக் கருதினார்!

ஒரு பெயரில் தூயவராகப் போற்றப்பட்ட அவரே வேறு பெயர்களில் பொய்த்தெய்வமென இகழப்பட்டார். சீனத்துப் ‘போ’, சப்பானியச் ‘சாகா’, சயாமியச் ‘சொம்மோன கோதம்’ ஆகியவை ஒருவரையே குறிப்பன என்பதைப் பாதிரிமார் பலர் உணர்ந்திலர். இறுதியிற் கூறியது பாலிமொழிச் ‘சமண கோதம’ என்பதன் திரிபே. சிலைகளின் சுருண்ட முடியை நோக்கிய கெம்பர், புத்தரை எகிப்தியப் பூசாரி என்றே கொண்டார். அவர் நூல் 1727இல் வெளிவந்தது.

இம்மயக்கத்தைப் போக்கியது சுவடிப் பயிற்சியே. ஆட்சன் நேபாளத்திலிருந்து அனுப்பிய வடமொழிச் சுவடிகளை ஆராய்ந்து பர்னூபு 1844இல் வெளியிட்ட நூல், புத்தரை இந்திய மண்ணில் வாழ்ந்த மனிதராக நிறுவியது. பின்னரும் செனார் அவர் வரலாற்றை ஞாயிறுபற்றிய தொன்மமாக்க முயன்றார். ஓல்டன்பர்க்கு 1881இல் பாலி நூல்களைக்கொண்டு அதனை மறுத்தார். 1896இல் உலும்பினியில் வெளிப்பட்ட அசோகன் தூண், அவர் பிறந்த இடத்தையே கல்லிற் காட்டிற்று.

எனினும், அந்நூற்றாண்டினர் கண்ட புத்தரும் முழுமையானவர் அல்லர். பாலி நூல்களிலேயே நிறைந்துள்ள தேவரையும் அற்புதங்களையும் பிற்சேர்க்கையென ஒதுக்கி, அவரைத் தம் காலத்து அறநெறி ஆசிரியராக்கிக்கொண்டனர். 1879இல் எட்வின் அர்னால்டு பாடிய காவியம் அக்காலத்ததே. அதனைத் தழுவியே கவிமணி ‘ஆசிய ஜோதி’ இயற்றினார். மணிமேகலையின் புத்தரையும் இவ்வாறு மேற்கே சென்று மீண்ட புத்தரையும் ஒருங்குவைத்து ஆராய்தல் இலக்கிய மாணவர் கடமையாகும்.